முதல் மெக்கானிக்கல் கீபோர்ட்: நாள் முழுக்கப் பாமினி அடிக்கிறவர் எதை வாங்கலாம்?

மரைன்டிரைவ்
வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன், வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணித்தியாலம் தட்டச்சுத்தான். அச்சகங்களுக்குக் கொடுப்பதெல்லாம் பாமினி எழுத்துரு, இணையத்துக்குக் கொடுப்பது யூனிகோட், ஆனால் கை பழகினது பாமினி என்றபடியால் யூனிகோடையும் அதே விசை அமைப்பில்தான் அடிக்கிறேன்.

போன மாதம் லப்டொப்பில் செமிகோலன் விசை செத்துப்போனது. பாமினி அடிக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும், அதுதான் புள்ளி. 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பீ, ஓ, கடைசியில் செமிகோலன். இப்போது புள்ளியை ஒவ்வொரு முறையும் கொப்பி செய்து ஒட்டுகிறேன், ஒரு பக்கத்துக்கு முந்தின நேரத்தைப் போல இரண்டு மடங்கு போகிறது.

எப்படியும் வெளிக் கீபோர்ட் ஒன்று வாங்கத்தான் வேண்டும், வாங்குகிறதை நல்லதாக வாங்குவோம் என்று மெக்கானிக்கல் பக்கம் பார்க்கத் தொடங்கினேன். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. நானும் தங்கச்சியும் ஒரே அறை, அவளுக்கு ஆஸ்பத்திரியில் அதிகாலை டியூட்டி, நான் இரவு பன்னிரண்டு மணி வரை அடிப்பேன், அதனால் சத்தம் கூடாது. மேசை சின்னது. வலது சுண்டுவிரல் சில மாதமாக நோகிறது. சிவப்பு, பிரவுன், நீலம், மஞ்சள் என்று ஆளுக்கொரு நிறம் சொல்கிறார்கள், எனக்கு அந்த நிறங்கள் எதைக் குறிக்கின்றன என்றே தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நைட்பில்ட்
அக்கா, நிறத்திலிருந்தே தொடங்குவோம், அது விளங்கினால் பாதி வேலை முடிந்தது.

மலிவான கீபோர்டுகளில் எல்லா விசைக்கும் கீழே ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும், ஒவ்வொரு விசைக்கும் அதில் ஒரு குமிழ். குமிழ் மடங்கி அடி வரை போனால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச். உள்ளே ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், இரண்டு உலோகத் தகடுகள். தண்டு இறங்கும்போது தகடுகள் தொட்டுக்கொள்கின்றன, எழுத்து விழுகிறது. முக்கியமானது என்னவென்றால் அது பாதி வழியிலேயே விழுந்துவிடும். செரி சிவப்பு சுவிட்ச் மொத்தம் 4 மில்லிமீற்றர் இறங்கும், எழுத்து 2 மில்லிமீற்றரிலேயே பதிவாகிவிடும். பழகினால் அடி வரை குத்தத் தேவையில்லை, விரலுக்கு வேலை குறையும்.

நிறம் அந்தச் சுவிட்ச் விரலுக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறது. சிவப்பு லீனியர், தடங்கல் இல்லாமல் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போகும், சுமார் 45 கிராம் அழுத்தம். கறுப்பும் லீனியர்தான், ஆனால் 60 கிராம், கனம். பிரவுன் டாக்டைல், நடு வழியில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும், எழுத்து விழுந்ததை விரல் அறியும். நீலத்திலும் அந்த மேடு இருக்கும், அதோடு 'டிக்' என்ற சத்தமும் வரும், அந்தச் சத்தத்துக்கென்றே உள்ளே தனித் துண்டு ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இந்த நிறங்கள் ஜெர்மனியின் செரி கொம்பனி வைத்தவை. அவர்களின் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரோன், கைல், அவுட்டெமு என்று சீனக் கொம்பனிகள் அதே வடிவத்தில் செய்யத் தொடங்கின, அவர்களும் பெரும்பாலும் அதே நிறங்களையே பின்பற்றினார்கள், கூடவே தங்களுக்கென்று புது நிறங்களையும் சேர்த்தார்கள். சிவப்பு, பிரவுன், நீலம் மூன்றையும் நம்பலாம். மற்ற நிறங்களுக்குப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வேண்டும்.

உங்கள் அறைக்கு நீலம் வேண்டாம். அதை மட்டும் இப்போதே கழித்துவிடுங்கள்.

நீலமே_அழகு
நான் நீலம் வைத்திருக்கிறேன், மூன்று வருடமாக. மழை நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு அதில் எழுத உட்கார்ந்தால் கை தானாக ஓடும், ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது காதுக்குத் தெரிவதால் எனக்குப் பிழை குறைந்தது உண்மை. ஆனால் நான் தனி அறை. நைட்பில்ட் சொன்னதுதான் சரி, பக்கத்தில் ஒருவர் நித்திரை கொள்ளும் அறையில் அதை வைத்து அடிக்க நானே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொட்டாஞ்சேனைப்_பாமினி
பிள்ளை, நான் அச்சகத்தில் 90களின் கடைசியில் இருந்து பாமினி அடிக்கிறவன். சுவிட்ச் விஷயம் தம்பிமாருக்கு என்னைவிடத் தெரியும். நான் சொல்ல வருவது கீபோர்டின் அளவு பற்றி, ஏனென்றால் இதை இங்கிலீஷ் விமர்சனங்களில் ஒருவரும் சொல்லப் போவதில்லை.

மேசை சின்னது என்றதும் எல்லாரும் உங்களுக்கு 61 விசைக் கீபோர்டைக் காட்டுவார்கள். வாங்க வேண்டாம். பாமினியில் 'ஹ' எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எண் 1க்கு இடப்பக்கம், எஸ்கேப்புக்குக் கீழே, அந்தச் சாய்ந்த சின்னக் கோடு உள்ள விசை. 61 விசையில் எஃப்1, எஃப்2 இருக்கும் மேல் வரிசையே இல்லாததால் எஸ்கேப்பைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். அப்போது 'ஹ' அடிக்க எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இங்கிலீஷ் மட்டும் அடிக்கிறவருக்கு அந்த விசை வருடத்தில் நாலு தரம் தேவைப்படும். எங்களுக்கு அப்படியா? தெஹிவளை, மஹரகம, ஹோமாகம, ஹட்டன், ஹொரணை. கொழும்பில் இருந்துகொண்டு ஒரு முகவரிப் பட்டியல் அடித்துப் பாருங்கள்.

68 விசையிலும் பெரும்பாலும் இதே கதைதான். 84 விசை என்றால் எஸ்கேப் இருக்க மேலே தனி வரிசை உண்டு, 'ஹ' தன் இடத்தில் இருக்கும். 87 விசையிலும் அப்படியே, வலப்பக்க எண் பகுதி மட்டும் இல்லை. உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்று.

இன்னுமொன்று. பாமினி எழுத்துரு மட்டும்தான், கணினி உள்ளே பதிவது இங்கிலீஷ் எழுத்துக்கள்தான், ஆகவே கீபோர்ட் அமெரிக்க அமைப்பாக இருக்க வேண்டும். லண்டனில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் கீபோர்டுகளில் என்டர் விசை இரண்டு வரிசை உயரத்தில் நிற்கும், இடது ஷிஃப்ட் கட்டையாக இருக்கும். பாமினிக்கு இடது ஷிஃப்ட் எவ்வளவு தேவை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. து, பு, மு, ரு எல்லாம் ஷிஃப்டோடுதான்.

மரைன்டிரைவ்
ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. நேற்று 61 விசை ஒன்றைக் கிட்டத்தட்ட ஓடர் பண்ணிவிட்டேன். மிக்க நன்றி.

நைட்பில்ட்
ஐயா சொன்னது எனக்கும் புதுசு, நான் கோட் மட்டும் அடிக்கிறவன். சில கீபோர்டுகளில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வியா போன்ற மென்பொருளால் மாற்றலாம், அப்படிச் செய்து 61 விசையிலும் 'ஹ'வை எங்காவது வைக்கலாம்தான். ஆனால் இருபது வருடம் பழகின விரலை இன்னொரு இடத்துக்குப் பழக்குவது வீண் வேலை. 84 அல்லது 87 எடுங்கள் அக்கா.

தமிழ்99 என்ற விசை அமைப்புக்கு மாறுவதைப் பற்றியும் ஒருக்கா யோசியுங்கள். 1999இல் வந்த அந்த அமைப்பில் உயிரெழுத்துக்கள் இடது கைக்கு, மெய் வலது கைக்கு, புள்ளி இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே. 'க'வை இரண்டு தரம் அடித்தால் முதல் 'க'வுக்குத் தானாகவே புள்ளி விழும். சுண்டுவிரல் நோவுக்கு அது பெரிய ஆறுதல்.

கொட்டாஞ்சேனைப்_பாமினி
தம்பி, நல்ல அமைப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் மாறுகிற காலத்தில் வேகம் பாதிக்கும் கீழே இறங்கும், அந்த மாதங்களுக்குப் பிள்ளையின் வருமானத்தை யார் கொடுப்பது? இலங்கைக்கென்று வந்த தமிழ் விசைப்பலகைத் தரமும் பாமினியைப் போன்ற எங்கள் பழைய ரெங்கநாதன் அமைப்பைத் தழுவினதுதான், ஆகவே யூனிகோடிலும் பழக்கத்தை விடத் தேவையில்லை. விரலை விட்டுவிட்டு விசையைத் திருத்துவோம்.

மெம்பரேன்_போதும்
நான் கொஞ்சம் மாறிச் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம். விரல் நோகிறது என்று சொல்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்தக் கதிரை, எந்த உயரம் என்றுதான். மெக்கானிக்கல் கீபோர்டுகள் உயரமானவை, லப்டொப்பில் பழகின கைக்கு மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்துபோகும், அதற்குப் பிறகு சுண்டுவிரலோடு மணிக்கட்டும் நோகும். எனக்கு நடந்தது. ஆசைப்பட்டு வாங்கி, பின்கால்களையும் நிமிர்த்தி வைத்து அடித்து, இரண்டாம் மாதம் டொக்டரிடம் போனேன். இப்போது தட்டையான சாதாரண மெம்பரேன் கீபோர்ட், மெக்கானிக்கலுக்குக் கொடுத்த காசில் பத்தில் ஒரு பங்கு, கை சுகமாக இருக்கிறது. மெக்கானிக்கல் வாங்கினால் கை சரியாகிவிடும் என்று மட்டும் ஒருவரும் நம்ப வேண்டாம்.

சோல்டர்_மணம்
மேலே சொன்னவர் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். பின்கால்களை நிமிர்த்தவே கூடாது, கதிரையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்கையும் விசைகளும் ஒரே மட்டத்தில் வர வேண்டும், மணிக்கட்டுக்கு முன்னால் ஒரு மரத்துண்டு வைத்தால் போதும், பலகைக் கடையில் வெட்டித் தருவார்கள். அது செய்தால் உயரம் ஒரு பிரச்சினை இல்லை.

நான் கீபோர்ட், லப்டொப் எல்லாம் திருத்துகிறவன். அக்காவுக்கு நான் சொல்வது ஒரே ஒரு சொல்: ஹொட் ஸ்வப். சாதாரண மெக்கானிக்கலில் சுவிட்சை ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். ஹொட் ஸ்வப் போர்டில் சுவிட்சின் இரண்டு உலோகக் கால்களும் ஒரு சின்னக் கவ்வியில் செருகி நிற்கும், பெட்டியோடு வரும் கவட்டையால் பிடித்து இழுத்தால் கையோடு வரும். உங்கள் லப்டொப்பில் ஒரு விசை செத்ததற்கு முழுக் கீபோர்டையும் மாற்றச் சொல்லியிருப்பார்கள். இதில் ஒரு சுவிட்சை இழுத்துவிட்டு இன்னொன்றைச் செருகினால் முடிந்தது, அரை நிமிட வேலை.

அதைவிடப் பெரிய நன்மை உங்கள் சுண்டுவிரலுக்கு. எல்லா விசைக்கும் ஒரே சுவிட்ச் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. செமிகோலனுக்கும் இரண்டு ஷிஃப்டுக்கும் மட்டும் மெல்லிய சுவிட்ச் போடலாம். கேட்டரோன் கிளியர் என்று ஒன்று, லீனியர், 35 கிராம்தான். மற்ற விசைகளுக்கு 45, 50 கிராமில் ஒன்று. பழைய தட்டச்சு மெஷினில் சுண்டுவிரலால் அடித்தவர்களைக் கேளுங்கள், பத்து விரலுக்கும் ஒரே பலம் இல்லை.

வாங்கும்போது பெட்டியில் ஹொட் ஸ்வப் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மொடலையே இரண்டு விதமாகவும் விற்கிறார்கள், கீக்ரோனின் கே2வும் கே8உம் அப்படி வந்தவை, பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஒட்டினது கையில் வந்துவிடும். சில மலிவுப் போர்டுகளில் அவுட்டெமுவுக்கென்று செய்த சிறிய துளைகள் இருக்கும், அதில் மற்றக் கொம்பனிகளின் கால்கள் இறங்காது, இதையும் கேளுங்கள். சுவிட்சில் மூன்று கால், ஐந்து கால் என்று இருக்கும், ஐந்தில் இரண்டு பிளாஸ்டிக், பொருந்தாவிட்டால் நகவெட்டியால் வெட்டிவிடலாம்.

மரைன் டிரைவ் கடலோர வீதிப் பக்கம் என்றால் உப்புக்காற்று. அந்த வரிசை வீடுகளில் இருந்து வரும் சாமான்களை மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரியும், திருகாணியில் பச்சையும் துருவும். இரவு வேலை முடிந்ததும் கீபோர்டின் மேல் ஒரு துணி போட்டுவிடுங்கள். வயர் வைத்ததை எடுங்கள், மேசையைவிட்டு எடுக்காத சாமானுக்கு புளூடூத்தும் பற்றரியும் தேவையில்லை, அந்தக் காசு நல்ல கீகேப்புக்கு, அதாவது விசையின் மேல்மூடிக்குப் போகட்டும். கீகேப் பிபிடி பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது, ஏபிஎஸ் என்றால் சில மாதத்தில் எண்ணெய் பூசினதைப் போல மினுங்கும், பாமினி அடிக்கிறவருக்கு எந்த விசை முதலில் மினுங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நீலமே_அழகு
கடைக்குப் போகிறதென்றால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா. லப்டொப்பையும் கொண்டுபோய், காட்சிக்கு வைத்ததைச் செருகி, தமிழில் ஒரு பந்தி அடித்துப் பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள். ஒரு விசையை மட்டும் அமத்திப் பார்த்தால் எல்லாச் சுவிட்சும் நன்றாகத்தான் இருக்கும், பத்து நிமிடம் அடித்தால்தான் கை உண்மையைச் சொல்லும். கடைக்குள் சனத்தின் இரைச்சலில் சத்தம் கேட்காது, காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். வெளிநாட்டிலிருந்து ஒன்லைனில் எடுத்தால் விலை குறைவாகத் தெரியும், ஆனால் சுங்கம், அதற்கு மேல் 2024 ஜனவரியில் இருந்து 18 வீத வற் வரி என்று பெரும்பாலும் இங்கத்தைய விலைக்கே வந்துவிடும், பழுதென்றால் திருப்பி அனுப்புவதும் கஷ்டம். எனக்கு ஒருமுறை ஒரு கடையில் உத்தரவாதச் சீட்டில் திகதி போடாமல் தந்துவிட்டார்கள், ஆறு மாதத்தில் பழுதானபோது நான்தான் நட்டப்பட்டேன். சீட்டில் திகதியும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மரைன்டிரைவ்
போய்வந்தேன். 101 பஸ்ஸில் ஏறி இறங்கி, இரண்டு மணித்தியாலம், நான்கு கடை. முதல் இரண்டு கடையில் அடித்துப் பார்க்க விடவில்லை. மூன்றாம் கடைத் தம்பி கதிரை ஒன்றையே போட்டுத் தந்தார்.

பிரவுனில் தொடங்கினேன். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது, ஆனால் வேகம் பிடித்ததும் அந்த மேடு எனக்கு மணல் மாதிரி உரசியது. சிவப்பு மிக மெல்லிசு, விரலைச் சும்மா வைத்தாலே எழுத்து விழுகிறது, 'பாடசாலை' அடிக்கப் போய் இரண்டு 'ட' விழுந்தது. கேட்டரோன் மஞ்சள் போட்ட ஒன்று இருந்தது, லீனியர்தான், 50 கிராம் என்று பெட்டியில் இருக்கிறது. அதில் ஒரு முழுப் பக்கம் அடித்தேன், பிறகு கடைக்காரர் இருக்கிறார் என்பதே மறந்துபோனது.

87 விசை, வயர், ஹொட் ஸ்வப், பிபிடி கீகேப். 25,000க்கு உள்ளேயே முடிந்தது. 'ஹ' எங்கே என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன் ஐயா. கிளியர் சுவிட்ச் மூன்றை உதிரியாகக் கேட்டேன், பத்தாகத்தான் தருவார்களாம், எடுத்துவிட்டேன்.

சோல்டர்_மணம்
நல்ல தெரிவு. சுவிட்ச் செருகும்போது கால்கள் இரண்டும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், செங்குத்தாக இறக்குங்கள். சரிந்து போனால் ஒரு கால் மடிந்துவிடும், அப்போது விசை வேலை செய்யாது, போர்ட் பழுதென்று நினைத்துப் பயந்துவிடுவீர்கள். மடிந்தால் ஊசிமுனைச் சாவணத்தால் நிமிர்த்தி மறுபடி போடலாம்.

மரைன்டிரைவ்
மூன்று வாரம் ஆகிவிட்டது, சொல்லிவிட்டுப் போவோம் என்று வந்தேன்.

செமிகோலன் சுவிட்சை நானே மாற்றினேன். கீகேப்பைக் கழற்றினால் கூட்டல் அடையாளம் போல ஒரு மஞ்சள் தண்டு, இரண்டு பக்கமும் கவட்டையைக் கொடுத்து இழுக்க முதலில் பயமாக இருந்தது, பிறகு 'டக்' என்று வந்தது. முதல் தரம் ஒரு கால் மடிந்தது, நீங்கள் சொன்னதைப் போலவே நிமிர்த்திப் போட்டேன். இப்போது புள்ளி வைக்கும்போது விரல் அமத்துகிறதா என்றே தெரியவில்லை. நோவு முழுக்கப் போகவில்லை, ஆனால் மாலையில் தைலம் பூசுவதை விட்டுவிட்டேன். கதிரைக்குக் கீழே ஒரு பலகை வைத்து உயர்த்தினதும் அதற்குக் காரணமாக இருக்கலாம், மெம்பரேன் அண்ணாவுக்கும் நன்றி.

தங்கச்சி முதல் இரவு எழும்பினாள். விசைகளின் சத்தத்துக்கு இல்லை, ஸ்பேஸ் பாருக்கு. அது மட்டும் தகரப் பேணியைத் தட்டுவதைப் போல கிலுகிலுக்கிறது. கீழே ஒரு மொத்தத் துணி விரித்துப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ஒரு பக்கத்தில் எத்தனை சொல் இருக்கிறதோ அத்தனை தரம் அந்தச் சத்தம்.

சோல்டர்_மணம்
அது ஸ்டெபிலைசர். ஸ்பேஸ் பார் நீளமானபடியால் ஒரு பக்கம் அமத்தினால் மறுபக்கம் தூக்காமல் இருக்கக் கீழே ஒரு கம்பி போட்டிருப்பார்கள், அந்தக் கம்பி பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஆடுகிறது. ஸ்பேஸ் பாரை மட்டும் கழற்றுங்கள், இரண்டு முனையிலும் மாறி மாறி மெதுவாகத் தூக்க வேண்டும், ஒரே பக்கம் இழுத்தால் கம்பி வளைந்துவிடும். கம்பி கூட்டுக்குள் போகும் இரண்டு இடத்திலும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ், வாகன உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பல்லுக்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து ஒரு சொட்டு. சுவிட்சுக்குள் போகக் கூடாது. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், ஓடிப் பரவிவிடும்.

மரைன்டிரைவ்
நேற்றுப் பின்னேரம் பூசினேன். இரவு பதினொன்றரைக்கு அவள் நித்திரை, நான் ஒரு ஆண்டறிக்கையின் கடைசிப் பகுதி அடித்துக்கொண்டிருந்தேன், முகவரிப் பட்டியல், பாதி ஊர் 'ஹ'வில்தான். கடைசி ரயிலும் போய்விட்டது, வெளியே கடல் மட்டும். ஸ்பேஸ் பாருக்கு இப்போது 'தொப்' என்று ஒரு மெல்லிய சத்தம்தான் வருகிறது. அவள் திரும்பிக்கூடப் படுக்கவில்லை.

கொட்டாஞ்சேனைப்_பாமினி
பிள்ளை, அந்தப் பத்துச் சுவிட்சில் மீதி ஏழு இருக்குமா? என் சுண்டுவிரலுக்கும் வயதாகிவிட்டது. நானும் இந்த மாதம் ஒரு 87 பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

மரைன்டிரைவ்
நாலை எடுத்து வைத்திருக்கிறேன் ஐயா, மூன்று எனக்கு உதிரிக்கு இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்கு ஃபைல் கொடுக்கக் கொட்டாஞ்சேனைப் பக்கம்தான் வருகிறேன், எந்த இடம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், கவட்டையையும் கொண்டுவருகிறேன்.